சிவப்பு இழை கட்டிய ஒற்றைக் காலுறை

போன வாரம் தகரப் பெட்டியைக் குடைந்துகொண்டிருந்த நீங்கள் ஒரு கறுப்புக் கம்பளிக் காலுறையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தீர்கள். ஒற்றைக் காலுறை. கட்டை விரலுக்குத் தனி அறை. மேலே ஒரு விரல் அகலத்துக்குப் பச்சை நூல், அதன் விளிம்பில் ஒரு சிவப்பு இழை. இது குரங்குக்குப் போட்டதா என்று சின்னவன் கேட்டான். பெரியவள் அந்தச் சிவப்பு இழையைப் பிடித்து இழுக்கப் போனாள். நான் போட்ட சத்தத்தில் உங்கள் அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

உங்கள் மேல் கோபமில்லை. காரணத்தை வாயால் சொன்னால் நடுவில் என் குரல் நின்றுவிடும், அதனால் எழுதித் தருகிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்தில் குற்றமிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த நாளில் அரியலூர் ஸ்டேஷன் பக்கம் குடியிருந்த என் வயதுக்காரர்கள் யாராவது இதைப் பார்த்தால், ஆமாம், அந்த வண்டிக்காரர் வீடுதான் என்று சொல்வார்கள்.

சண்டைக் காலம் அது. உலகத்தில் எங்கோ நடந்த சண்டை எங்கள் ஊரில் மண்ணெண்ணெய் இல்லாததாகவும், துணி கிடைக்காததாகவும், பெரம்பலூர் பஸ்ஸின் பின்னால் கட்டிய கரி அடுப்பாகவும் வந்து சேர்ந்தது. பெட்ரோல் இல்லாமல் கரியை எரித்து ஓடும் பஸ். மேடு வந்தால் ஆண்கள் இறங்கித் தள்ள வேண்டும். எல்லோரும் முகத்தில் கரியோடு வீட்டுக்கு வருவார்கள்.

அப்பா கடலை மூட்டைகளை ஸ்டேஷனுக்கு வண்டியில் ஏற்றிப் போகிறவர். அவருடைய தம்பி, என் சித்தப்பா, கடலை வியாபாரி ஒருவரிடம் லாரி ஓட்டினார். அண்ணன் தம்பி இரண்டு பேரும் அக்கா தங்கை இரண்டு பேரைக் கட்டியிருந்தார்கள். அதனால் சித்தி எனக்கு அம்மாவின் தங்கையும் ஆனாள், சித்தப்பாவின் மனைவியும் ஆனாள். ஒரே வீடு, ஒரே உலை.

அந்த அக்கா தங்கைகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. கொக்கி ஊசியால் நூலைக் கண்ணி கண்ணியாகக் கோத்துப் பின்னுவது. டவுனில் குரோஷா என்பார்கள். அவர்கள் குடும்பத்தில் யாரோ ஒரு பெண் திருச்சியில் ஒரு பங்களாவில் பிள்ளை பார்க்கப் போய் அங்கே கற்றுக்கொண்டு வந்தாள், அவளிடமிருந்து வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் பரவியது என்று அம்மா சொல்வாள். விற்பதற்குப் போடுவதில்லை. கை சும்மா இருந்தால் போடுவார்கள். தலையணை உறைக்குப் பூ விளிம்பு, சொம்புக்கு மூடி, பிள்ளைக்குத் தொப்பி. அரிசி கொதிக்கும்போது நாலு கண்ணி, குழந்தை பால் குடிக்கும்போது நாலு கண்ணி.

அம்மாவின் கை இறுக்கம். அவள் போட்ட தொப்பி நெற்றியில் தடம் பதிக்கும். சித்தியின் கை இளக்கம். அவள் போடுவதில் வெளிச்சம் புகுந்து போகும். சிரித்துக்கொண்டே போடுவாள், சிரிப்பில் ஒரு கண்ணியை இரண்டு தடவை எடுத்துவிடுவாள். சுற்றுக்கு ஒரு தடவையாவது அப்படி ஒரு தடிப்பு விழும். சித்தப்பா அதை விரலால் தடவிப் பார்த்து, “இதோ இருக்கு உங்க சித்தி கையெழுத்து” என்பார். சித்திக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

நூல் உருண்டை உருண்டு ஓடாமல் இருக்க, சித்தி அதை ஒரு நத்தைக் கல்லின் மேல் சுற்றி வைத்திருந்தாள். நம் பக்கத்து ஓடைகளில் கிடைக்குமே, நத்தை சுருண்ட மாதிரியே இருக்கும் கல், அதுதான். நூல் தீரத் தீர உள்ளேயிருந்து கல் வெளிப்படும். அது முழுதாகத் தெரிந்தால் நூல் வாங்கும் நாள் வந்துவிட்டது என்று அர்த்தம். அந்தக் கல் பிறகு எங்கே போனதென்று தெரியவில்லை. நான் இன்னும் ஓடையைக் கடக்கும்போது குனிந்து பார்க்கிறேன்.

இனி சொல்லப்போவதைக் கவனமாகப் படியுங்கள். அவர்கள் எந்த வேலையையும் முடிச்சுப் போட்டு மூட மாட்டார்கள். கடைசிக் கண்ணி திறந்தே இருக்கும். அது அவிழாமலிருக்க ஒரு சிவப்பு இழையைக் கோத்துக் கட்டி வைப்பார்கள். அரைஞாண் கயிற்றிலிருந்து பிரித்த இழை. பின்னால் வருகிறவள் அந்த இழையை அவிழ்த்து, தன் நூலைச் சேர்த்து, மேலே போட்டுக்கொண்டு போகலாம். ஒரு தலையணை விளிம்பில் மூன்று பெண்களின் கை இருக்கும்.

முனையை மூடுவது ஒரே ஒரு சமயத்தில்தான். போட்டவள் இறந்துபோனால், அவள் கையில் பாதியில் நின்ற வேலையைக் கூடப்பிறந்தவள் எடுத்து, இழையை அறுத்து, முடிச்சுப் போட்டு மூடுவாள். மூடியதை, யாருக்காக அவள் போட்டாளோ அவரிடம் கொடுப்பார்கள்.

நான் அதை ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அம்மாவுக்கும் சித்திக்கும் மூத்தவள், என் பெரியம்மா, கீழப்பழுவூரில் இருந்தாள். சித்திக்குப் பெண் குழந்தை பிறந்த சமயம் அவள் அதற்கு ஒரு தொப்பி போட்டுக்கொண்டிருந்தாள். காய்ச்சலில் போய்விட்டாள். சடலத்தை எடுத்த பிறகு அம்மா அந்தத் தொப்பியை மடியில் வைத்து முடிச்சுப் போட்டதையும், பச்சை உடம்போடு வீட்டிலேயே இருந்த சித்திக்கு அதைச் சித்தப்பா கொண்டுபோய்க் கொடுத்ததையும் பார்த்தேன். சித்தப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. தொப்பியை நீட்டினார். சித்தி விளிம்பைத் தடவினாள். முடிச்சு விரலில் பட்டதும் அக்கா போய்விட்டாள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அதற்குச் சில மாதம் கழித்துச் சித்தப்பா பட்டாளத்தில் சேர்ந்தார். லாரி ஓட்டத் தெரிந்தவர்களைக் கையோடு அழைத்துப்போனார்கள். எங்கே இருக்கிறார் என்று எழுதக் கூடாது. எழுதினாலும் மை பூசி அழித்திருப்பார்கள். மலை, மழை, சேறு என்பது மட்டும் கடிதத்தில் மிஞ்சியிருக்கும். ஒரு கடிதத்தில், பூட்ஸுக்குள் கால் காயவே இல்லை, விரலிடுக்கில் தோல் உரிகிறது, கூட இருந்த ஒருவரைக் கால் அழுகி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள் என்று எழுதியிருந்தார். அப்பா படித்துக்கொண்டே வந்தவர் அந்த இடத்தில் குரலைத் தாழ்த்தினார். சித்தி கேட்டுவிட்டாள்.

மறுநாளே காலுறை போடுவதென்று முடிவாயிற்று. காலுறை எப்படி இருக்கும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

கம்பளி நூல் எங்கே கிடைக்கும். அப்பா பெரம்பலூர் போன வண்டியில் குரும்பலூர் பக்கம் ஆடு வளர்க்கிறவர்களிடம் ஒரு சாக்கு நிறையக் கறுப்பு ஆட்டு மயிர் வாங்கி வந்தார். வீடு முழுக்க ஆட்டுக் கிடை வாடை. அதில் நெருஞ்சி முள்ளும் புழுக்கையும் ஒட்டியிருந்தன. முள் பொறுக்குவது என் வேலை. சீயக்காய் போட்டு அலசி, வெயிலில் காயவைத்து, தக்ளியில் சித்தி நூற்றாள். தொட்டால் கையைக் குத்தும். சித்தப்பாவுக்குக் குத்தாதா என்று கேட்டேன். “குத்தட்டும். நெனப்பு வரும்” என்றாள்.

கம்பளிக்கு அவளுடைய இரும்புக் கொக்கி சின்னதாகப் போயிற்று. மூங்கிலைச் சீவி, கல்லில் தேய்த்து அவளே ஒரு கொக்கி செய்துகொண்டாள். அளவுக்குச் சித்தப்பாவின் பழைய செருப்பு இருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு விரல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். செருப்பில் கட்டை விரலுக்குத் தனி வளையம் இருக்கிறதல்லவா, அதைப் பார்த்துக் காலுறையிலும் கட்டை விரலுக்குத் தனி அறை போட்டாள். அவளுக்குத் தெரிந்த கால் அப்படித்தான்.

ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டம்மா அப்போதுதான் எங்களுக்குப் பழக்கமானார். பட்டணத்துப் பக்கம் பிறந்தவர். இரண்டு கம்பி வைத்து வெள்ளைக்காரர்கள் மாதிரி பின்னுவார். பட்டாளத்துக்காரர்களுக்கென்று காலுறை, மப்ளர் எல்லாம் பின்னி, மற்ற வீடுகளிலும் சேகரித்து, துணியில் வைத்துத் தைத்துப் பார்சல் அனுப்புவார். அப்பா சொல்லிக் கேள்விப்பட்டு ஒரு நாள் வந்தார். சித்தியின் மடியில் இருந்ததைப் பார்த்ததும் சிரிப்பை அடக்க முடியவில்லை அவருக்கு.

“ஏம்மா, பூட்ஸுக்குள்ள கட்டை விரல் மட்டும் தனியா எங்க குடித்தனம் போவும்?”

“விரலும் விரலும் ஒரசித்தாங்க புண்ணு வருது. தனித்தனியா இருந்தா சண்டை வராது பாருங்க” என்றாள் சித்தி.

அந்தம்மா இன்னும் சிரித்தார். பிறகு காலுறையைக் கையில் வாங்கி, உள்ளே கைவிட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். குதிகாலுக்குச் சித்தி தானாகவே கண்டுபிடித்த வளைவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புத்தகம் வைத்துக்கொண்டு இதைக் கற்றுக்கொள்ளத் தனக்கு ஒரு வருஷம் ஆயிற்று என்றார். அன்றிலிருந்து வாரத்தில் ஒரு நாளாவது எங்கள் வீட்டு வண்டிக் கொட்டகையில் வந்து உட்கார்ந்து பின்னுவார். இரண்டு கம்பியின் டிக் டிக் சத்தமும், சத்தமே இல்லாத மூங்கில் கொக்கியும். நான் படுத்துக்கொண்டு கேட்பேன்.

காலுறை ஜோடி முடிந்தது. சித்தி வழக்கப்படி கடைசிக் கண்ணியைத் திறந்து விட்டு, சிவப்பு இழை கட்டி, சித்தப்பா பெயருக்குப் போகும்படி அந்தம்மாவின் பார்சலில் சேர்க்கச் சொல்லிக் கொடுத்தாள்.

வழக்கமாக வருகிற நாளைத் தாண்டி, வெகுநாள் கழித்து ஒரு கார்டு வந்தது. அப்பா பெயருக்கு. நாலே வரி. பார்சல் கிடைத்தது. என்னிடம் மறைக்க வேண்டாம், எனக்குப் புரிந்துவிட்டது. பாப்பாவை அண்ணி பார்த்துக்கொள்ளட்டும். நான் இங்கே நன்றாக இருக்கிறேன்.

அப்பாவுக்கு வியர்த்துவிட்டது. அவர் ஒன்றை மறைத்திருந்தார். சித்தப்பா கன்றிலிருந்து வளர்த்த மயிலைக் காளையைத் தீவனம் போட முடியாமல் ஆண்டிமடத்துக்காரர் ஒருவருக்கு விற்றிருந்தார். யாரோ சொல்லிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு, காளையை விற்றது தப்புதான், கோபப்படாதே, நல்ல கைக்குத்தான் போயிருக்கிறது என்று பக்கம் முழுக்க எழுதிப் போட்டார். அதற்குப் பதில் இல்லை. இரண்டாவது கடிதத்துக்கும் இல்லை.

சித்தி கேட்டது ஒன்றுதான். “பாப்பாவ அக்கா பாத்துக்கட்டும்னு ஏன் எழுதணும் மாமா? நான் எங்க போனேன்?” அப்பா, ஆம்பளை எழுதுவதில் அப்படித்தான் முன்னே பின்னே இருக்கும் என்று சமாளித்தார். சித்தி அதற்குப் பிறகு கொக்கியைத் தொடவில்லை. நத்தைக் கல் மேல் கறுப்பு நூல் அப்படியே இருந்தது. அவள் கை சும்மா இருந்து நான் பார்த்தது அந்த ஒரு காலம்தான். தபால்காரர் தெருவில் திரும்பினால் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடுவாசலுக்கு வந்துவிடுவாள். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போவார். சில நாள் அவள் நிற்பதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு வேறு சந்தில் நுழைந்துவிடுவார்.

ஸ்டேஷன் வீட்டம்மா ஆறுதல் சொல்ல வந்தார். வேறு என்ன பேசுவதென்று தெரியாமல் காலுறையைப் பற்றிப் பேசினார். ஒரு சின்னக் குறையைத் தவிர அதைப் போல உறுதியான வேலையைத் தாம் பார்த்ததில்லை என்றார். அந்தக் குறையையும் தாமே சரிசெய்துவிட்டதாகச் சொன்னார்.

“மேல் முனைய மூட மறந்துட்டியேம்மா. அந்தச் செவப்பு நூல் அறுந்தா மொத்தமும் பிரிஞ்சு போயிருக்கும். நான்தான் அத அறுத்துப் போட்டுட்டு, ரெண்டுலயும் நல்லா முடிச்சுப் போட்டுத் தச்சு அனுப்பினேன்.”

அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டாள். சித்தி உட்கார்ந்த இடத்திலிருந்து எழவில்லை. அழவுமில்லை. அந்தம்மாவையே பார்த்தாள். பிறகு, பக்கத்தில் யாரிடமோ மெதுவாகச் சொல்கிற மாதிரி சொன்னாள்:

“நான் செத்துட்டேன்னு நெனச்சுட்டாரு.”

அம்மாதான் அந்தம்மாவுக்கு எல்லாவற்றையும் விளக்கினாள். கீழப்பழுவூர் பெரியம்மாவையும் தொப்பியையும் சொன்னாள். தொப்பியைக் கொண்டுவந்து கொடுத்தவரே சித்தப்பாதான் என்பதையும் சொன்னாள். அந்தம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. அவர் மேல் என்ன தப்பு? அவருக்குத் தெரிந்த உலகத்தில் மூடாத வேலை அரைகுறை வேலை. நல்லது செய்தார். இந்த வயதில் யோசித்துப் பார்க்கிறேன். அப்பா காளையை நினைத்தார், அந்தம்மா பிரிந்துபோகுமே என்று நினைத்தார், சித்தப்பா முடிச்சை நினைத்தார். ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்ததை வைத்துத்தான் நினைத்தார். ஒருவர் நினைப்பிலும் வஞ்சகம் இல்லை.

அப்பா பேனாவைத் தேடினார். இன்றைக்கே தந்தி அடித்துவிடலாம் என்றார். சித்தி வேண்டாமென்றாள்.

“நீங்க எழுதுனா நம்ப மாட்டாரு மாமா. பட்டாளத்துல இருக்கறவருக்குச் சாவ எழுதுவாங்களா? செத்தவள உசுரோட இருக்கான்னுதான் எல்லா வூட்டுலயும் எழுதுவாங்க. உங்க எழுத்துல நான் இருக்கறதும் ஒண்ணுதான், இல்லாததும் ஒண்ணுதான்.”

நத்தைக் கல்லை எடுத்தாள். அன்றைக்கு உலை வைத்தது, குழந்தையைக் குளிப்பாட்டியது எல்லாம் அம்மா. சித்தி உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக ஒன்று போட்டாள். கறுப்பு நூல், அவளுடைய இளகிய கை, சுற்றுக்குச் சுற்று அந்த இரட்டைக் கண்ணி. வேண்டுமென்றே போட்டாளா, வழக்கமாக விழுந்ததா, எனக்குத் தெரியாது. அவள் சிரிக்காமல் பின்னி நான் பார்த்ததும் அன்றுதான். கடைசிக் கண்ணியைத் திறந்து விட்டுச் சிவப்பு இழை கட்டினாள். அப்பா கவருக்குள் கூடவே இரண்டு வரி எழுதி வைக்கிறேன் என்றார். ஒரு எழுத்துக்கூட வேண்டாம் என்றுவிட்டாள். கவரை ஒட்டும்போது ஸ்டேஷன் வீட்டம்மா பக்கத்திலேயே நின்றார். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு முந்திரி பூத்தது, காய்த்தது. ஜெயங்கொண்டத்திலிருந்து வந்தவர்கள் கொட்டை சுட்டுத் தின்னக் கொடுத்தார்கள். என் விரலெல்லாம் கொட்டையின் பால் பட்டுத் தோல் உரிந்தது. சித்தியிடம் காட்டினேன். என் விரலிடுக்கை அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் வந்தது ஒரு மத்தியான ரயிலில். முதலில் பார்த்தது ஸ்டேஷன் வீட்டம்மாதான். செருப்புக்கூடப் போடாமல் வெயிலில் எங்கள் வீட்டுக்கு ஓடி வந்து, மூச்சு வாங்க வாசலைக் கையால் காட்டினார். பின்னாலேயே சித்தப்பா வந்தார். கறுத்து, மெலிந்து, தோளில் பூட்ஸைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு. காலில் செருப்பு. செருப்புக்குள் அந்தக் கறுப்புக் காலுறை. கட்டை விரல் தன் அறையோடு வளையத்துக்குள் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. சித்திரை வெயிலில் கம்பளிக் காலுறையோடு செருப்பு போட்டுக்கொண்டு ஒரு மனிதர் தெருவில் நடந்து வந்ததை அரியலூர் அன்றைக்குத்தான் பார்த்திருக்கும். தெருப் பிள்ளைகள் எல்லாம் பின்னால் வந்தார்கள்.

அந்த ஜோடிதான் தன் காலைக் காப்பாற்றியது என்றார். பூட்ஸைக் காயப் போட்டுவிட்டு முகாமில் செருப்போடு நடக்க, விரல் பிரிந்த காலுறை அவர் ஒருவரிடம்தான் இருந்ததாம். சிரித்தவர்கள் எல்லாம் பிறகு இரவல் கேட்டார்களாம்.

சித்தி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடிக்கவில்லை. சொம்பை வாங்கும்போது அவள் மணிக்கட்டைப் பிடித்தவர் விடாமல் அப்படியே நின்றார். எல்லோரும் எதிரில் இருக்கிறோம் என்ற நினைப்பு அவருக்கு இல்லை. அம்மா என்னை உள்ளே போகச் சொன்னாள். நான் போகவில்லை.

பிறகு அவர் உட்கார்ந்து வலது காலை நீட்டினார். அந்தக் காலுறையின் விளிம்பில் முடிச்சைக் காணோம். கறுப்புக்கு மேலே காக்கி நூலில் சில சுற்றுகள். கோணலும் மாணலுமாக, ஒரு பக்கம் தூக்கி ஒரு பக்கம் தொங்கி. கவரில் அந்த வட்டம் வந்த அன்று முடிச்சை அறுத்தெறிந்துவிட்டு, சாமான் பெட்டிப் பலகையில் கொக்கி செதுக்கி, இத்தனை வருஷம் வீட்டில் பார்த்ததை வைத்துத் தானே போட்டாராம். கடைசிக் கண்ணி திறந்திருந்தது. வட்டத்திலிருந்து அவிழ்த்த அதே சிவப்பு இழையை அதில் கட்டியிருந்தார். இடது காலுறையிலும் முடிச்சை எடுத்துவிட்டு ஏதோ ஒரு சணலைக் கட்டி வைத்திருந்தார்.

சித்தி குனிந்து அந்தக் காக்கிச் சுற்றை விரலால் தடவினாள். ஒரு இடத்தில் விரல் நின்றது.

“இங்க ரெண்டு கண்ணிய வுட்டுட்டீங்க” என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

இடது காலுறைக்கு அவளே புதிதாக ஒரு சிவப்பு இழை கட்டினாள்.

சித்தப்பா அதன் பிறகு வெகுகாலம் இருந்தார். உங்களில் பெரியவள் பிறப்பதற்கு முந்திய வருஷம் காலமானார். அவருக்குக் கூடப்பிறந்த பெண் இல்லாததால், பெண்கள் காலுறை ஜோடியைச் சித்தி மடியில் வைத்தார்கள். அவள் காக்கிச் சுற்று உள்ளதை எடுத்து, சிவப்பு இழையை அறுத்து, முடிச்சுப் போட்டு மூடினாள். அதை அவரோடு வைத்தாள். இன்னொன்றையும் மூடச் சொன்னார்கள்.

“அது அவரு போட்டது, நான் மூடிட்டேன். இது நான் போட்டது. இத நானே எப்படி மூடறது?” என்றாள்.

உங்கள் அம்மா அப்போது எனக்கு மருமகளாக இந்த வீட்டுக்கு வந்த புதிது. சித்தி அந்த ஒற்றைக் காலுறையை அவளிடம் கொடுத்தாள். மறு வருஷம் பெரியவளுக்குத் தொப்பி போட்டு மிஞ்சிய பச்சை நூலில் உங்கள் அம்மா அதில் சேர்த்ததுதான் நீங்கள் பார்த்த அந்த ஒரு விரல் அகலம்.

சித்தி இப்போது ஜெயங்கொண்டத்தில் மகள் வீட்டில் இருக்கிறாள். கண் மங்கிவிட்டது, கை மங்கவில்லை. அடுத்த மாதம் இங்கே வருவாள். வந்ததும் பெட்டியைத் திறக்கச் சொல்லி, வேறு எதையும் பார்க்காமல், அந்த விளிம்பைத்தான் தடவிப் பார்ப்பாள். அவள் விரலுக்குச் சிவப்பு இழை தட்டுப்பட வேண்டும்.

அதனால்தான் கத்தினேன்.